கொள்ளைநோயும் கட்டட ஒப்பந்தமும்

மாலை வேளையில் மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி உலவி வரும் நம்மவர், இருமருங்கும் மரங்கள் நிழல் செய்யும் அகன்ற வீதிகளையும், வீட்டுக்கு வீடு விட்டிருக்கும் இடைவெளியையும் கண்டு களிப்பதுண்டு. நெருக்கடி மிகுந்த இம்மாநகரில் இத்துணைக் காற்றும் வெளிச்சமும் இங்கு மட்டும் எவ்வாறு வாய்த்தன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. இவ்வீதிகளுக்கு நூல் பிடிக்கச் செய்தது எது என வினவின், விடை வியப்பைத் தரும். அரசனும் அன்று, வணிகனும் அன்று, எலியின் மேல் ஏறி வந்த ஒரு கொள்ளைநோயே அதனைச் செய்தது.

நோய்க்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவு இந்நகரில் பழையது. நோய் வரும்போது கட்டட வேலை நிற்கின்றது. ஆட்கள் ஊருக்கு ஓடுகின்றனர். குறித்த நாளில் வேலை முடியாமற் போகின்றது. பின்னர் வழக்கு எழுகின்றது. 1896-ஆம் ஆண்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 2020-ஆம் ஆண்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதும், அதனால் நம் காலனிக் குடும்பங்கள் அறிய வேண்டியது யாது என்று கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் சட்டம் பயின்றவரல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பேனா பிடிப்பவர். ஆயினும் ஒப்பந்தக் கோப்புகளைப் பல்லாண்டு புரட்டிய பழக்கத்தால் கண்டவற்றையும், நூல்களில் கற்றவற்றையும் அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

பம்பாயில் பிளேக்

1896-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், துறைமுகத்தை அடுத்த மாண்ட்விப் பகுதியில் மக்கள் கடுங்காய்ச்சலும் நெறிக்கட்டியும் கண்டு மாண்டனர். டாக்டர் அகாசியோ கேப்ரியல் வியேகஸ் என்னும் மருத்துவர் அது பிளேக் நோயே என்று முதன்முதல் துணிந்து கூறினார். இரண்டாண்டுகளுக்கு முன்னர் ஹாங்காங்கில் பரவிய அந்நோய், கப்பல் வழியே இங்கு வந்து சேர்ந்தது என்பர். தானியக் கிடங்குகள் நிறைந்து, காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகள் செறிந்த மாண்ட்வி, எலிகளுக்கு ஏற்ற இருப்பிடமாய் இருந்தது.

நோய் பரவிய செய்தி கேட்டதும் நகரம் காலியாயிற்று. சில மாதங்களுக்குள் ஏறக்குறையப் பாதி மக்கள் நகரை விட்டு வெளியேறினர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1891-ஆம் ஆண்டு மக்கட் கணக்கில் 8,21,764 ஆக இருந்த பம்பாயின் தொகை, பத்தாண்டு கழித்து 1901-ல் 7,76,006 ஆகக் குறைந்தது. வளர்ந்துகொண்டே செல்லும் நகரமொன்றில் பத்தாண்டில் மக்கட்டொகை குறைவதென்பது எளிய செய்தியன்று.

தொழிலாளர் ஓடிவிடவே ஆலைகள் திண்டாடின. மாதம் முடிந்து பல நாட்கள் சென்ற பின்னரே கூலி வழங்கி வந்த முதலாளிகள், அன்றன்று கூலி தரவும், தெருமுனையில் நின்று ஒருவருக்கு மேல் ஒருவர் விலை கூறி ஆளை அழைக்கவும் நேர்ந்தது. கூலியைப் பிடித்து வைத்தால் தொழிலாளி ஓடமாட்டான் என்று எண்ணியிருந்தவர்கள், உயிருக்கு அஞ்சியவன் நிலுவைக் கூலியை எண்ணி நிற்கமாட்டான் என்பதை அன்று கற்றனர். இப்பாடத்தை நம் நகரம் பின்னர் மறந்தது என்பதை மேலே காண்போம்.

அரசாங்கம் 1897-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. வீடு வீடாகச் சோதனை நடந்தது. ரயில் நிலையங்களில் பயணிகளை இறக்கி மருத்துவர் சோதித்தனர். நோயாளியின் வீட்டுக் கூரையைப் பிரித்து வெயிலும் காற்றும் புகச் செய்தனர். நூற்றிருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2020-ல் நம்மை வீட்டினுள் இருத்துவதற்கும் அதே சட்டம் கையாளப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

சீரமைப்பு டிரஸ்டும் நம் மாதுங்காவும்

நோய்க்குக் காரணம் நெருக்கமான வீடுகளே என்று கருதிய அரசாங்கம், 1898-ஆம் ஆண்டு தனிச் சட்டம் ஒன்றினால் பம்பாய் நகரச் சீரமைப்பு டிரஸ்டை நிறுவியது. நெருக்கமான பகுதிகளை இடித்துத் திறப்பது, புதிய வீதிகள் அமைப்பது, ஏழைகளுக்குச் சுகாதாரமான குடியிருப்புகள் கட்டுவது, நகருக்கு வடக்கே புதிய நிலங்களைப் பண்படுத்துவது ஆகியவை அதன் கடமைகள். பிரின்ஸஸ் வீதியும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் அவ்வாறு பிறந்தவையே. தாதர், மாதுங்கா, வடாலா, சயான் ஆகிய பகுதிகளில் வயலும் சதுப்புமாய்க் கிடந்த நிலத்தை மேடாக்கி, வீதி வகுத்து, மனை பிரித்ததும் அந்த டிரஸ்டே.

இடிப்பதற்கு முன் நிலத்தையும் வீட்டையும் கைப்பற்ற வேண்டும். கைப்பற்றினால் ஈடு கொடுக்க வேண்டும். ஈடு போதாது என்று உடையவர் வாதிடுவர். இவ்வழக்குகளுக்கெனவே தலைவர் ஒருவரும் மதிப்பாளர் இருவரும் கொண்ட தீர்ப்பாயம் ஒன்று அச்சட்டத்தின்கீழ் ஏற்பட்டது. வீட்டுக்குடையவர் வழக்காடி ஈடு பெற வழியிருந்தது. அவ்வீட்டின் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த கூலியாளுக்கோ வழக்கும் இல்லை, ஈடும் இல்லை. இடிந்த வீட்டை விட்டு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவன் அடுத்த நெருக்கமான தெருவுக்குச் சென்றான். டிரஸ்ட் கட்டியதைக் காட்டிலும் முதலில் இடித்ததே மிகுதி என்னும் குறைகூறல் அக்காலத்திலேயே எழுந்தது.

மனைகள் பிரித்தும் மாதுங்கா உடனே நிறைந்துவிடவில்லை. கோட்டைப் பகுதியிலிருந்து அது தொலைவு. 1914-ல் தொடங்கிய உலகப் போரினால் கட்டடப் பொருள்களின் விலை ஏறியது. 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பம்பாயில் தோன்றிய இன்புளூயன்சாக் காய்ச்சல் நாடெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. 1920-களிலும் 1930-களிலுமே வீடுகள் எழுந்தன. கணக்கர், சுருக்கெழுத்தர், தட்டச்சர் எனத் தென்னாட்டிலிருந்து வந்தோர் அவ்வீடுகளிற் குடியேறினர். 1932-ல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. 1952-ல் சண்முகானந்த சபை தோன்றியது. ஆகவே பிளேக்கில் மாண்டவர்களின் பெயரால் வகுத்த வீதியில் நம் இசையும் கல்வியும் வளர்ந்தன எனின் மிகையாகாது.

அதே காலத்தில், நகரின் ஓரத்திற்குத் தள்ளப்பட்ட தோல் பதனிடுந் தொழிலைத் தொடர்ந்து, திருநெல்வேலிச் சீமையினர் தாராவிக்கு வந்து குடிசை அமைத்தனர். டிரஸ்டின் வரைபடம் மாதுங்காவுக்கு வீதி தந்தது, தாராவிக்குத் தரவில்லை. ஒரே மொழி பேசும் இரு கூட்டத்தார், ரயில் பாதையின் இருபுறமும், ஒருவர் திட்டத்தின் உள்ளும் ஒருவர் திட்டத்தின் வெளியுமாய் வாழத் தொடங்கினர்.

சட்டம் கூறுவது யாது?

இனி ஒப்பந்தச் சட்டத்தைச் சிறிது காண்போம். முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இங்கிலாந்து வழக்கு ஒன்றுண்டு. படையெடுப்பினால் நிலத்தை விட்டு விரட்டப்பட்ட குத்தகையாளர் ஒருவர், தாம் நிலத்தை அனுபவிக்காத காலத்துக்கு வாடகை தர வேண்டுவதில்லை என்று வாதிட்டார். தர ஒப்புக்கொண்டாய், ஆகவே தந்துதான் தீர வேண்டும் என்று 1647-ல் தீர்ப்பாயிற்று. பின்னர் 1863-ல், வாடகைக்குப் பேசிய இசை மண்டபம் குறித்த நாளுக்கு முன் தீக்கிரையாகவே, அங்ஙனம் அழிந்துபட்ட பொருளைப் பற்றிய உடன்படிக்கை இருவரையும் கட்டுப்படுத்தாது என்று வேறொரு தீர்ப்பு வந்தது. கடுமைக்கும் இரக்கத்துக்கும் இடையே சட்டம் இவ்வாறு வழி தேடிற்று.

நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு இதற்குரியது. ஒப்புக்கொண்ட செயல், ஒப்புக்கொண்டவரால் தடுக்க இயலாத நிகழ்ச்சியினால், பின்னர்ச் செய்ய முடியாததாகிவிட்டால், அவ்வுடன்படிக்கை வலுவிழக்கும் என்பது அதன் கருத்து. அப்பிரிவின்கீழ்ச் சட்டமே தந்துள்ள எடுத்துக்காட்டு ஒன்று நம் பொருளுக்கு மிகப் பொருந்தும். நாடகத்தில் ஆறு மாதம் நடிப்பதாக ஒருவர் முன்பணம் பெற்று ஒப்புக்கொள்கின்றார்; இடையிடையே சில நாட்களில் நோயுற்று நடிக்க இயலவில்லை. அந்நாட்களுக்குரிய உடன்படிக்கை மட்டுமே வலுவிழக்கும் என்று சட்டம் கூறுகின்றது. நோய் வந்த நாள் நோயோடு போயிற்று; எஞ்சிய நாட்களுக்கு நடிகர் மேடையேறியே ஆக வேண்டும்.

மனை வாங்கிக் காத்திருப்போர் அறிய வேண்டிய வழக்கு ஒன்று 1953-ல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. கல்கத்தாவில் ஒரு கம்பெனி நிலத்தை மனைகளாகப் பிரித்து, சாலையும் சாக்கடையும் அமைத்துத் தருவதாக முன்பணம் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது அந்நிலத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. இனி வேலை நடவாது, முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்க, அன்றேல் சாலையும் சாக்கடையும் இன்றியே மீதிப் பணத்தைக் கட்டி மனையைப் பெறுக என்று கம்பெனி எழுதியது. மனைக்குரிமை கொண்டாடியவர் வழக்காடினார். வேலை முடிய வேண்டிய காலம் இன்னதென்று உடன்படிக்கையில் குறிக்கப்படவில்லை. அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் நிலையானதன்று. ஆகவே உடன்படிக்கை அழியவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சத்யவிரத கோஷ் வழக்கு என்று சட்ட நூல்களில் அது பேர்பெற்றது. தாமதம் வேறு, இயலாமை வேறு என்பதே அதன் சாரம்.

56-ஆம் பிரிவின் துணையை நாடுவதற்கு முன், உடன்படிக்கையிலேயே அதற்கென விதி உளதா என்று பார்த்தல் வேண்டும். போர், வெள்ளம், தீ, கொள்ளைநோய் முதலியவை நேர்ந்தால் என்ன செய்வது என்று பெரிய ஒப்பந்தங்களில் ஒரு விதி எழுதியிருப்பர். போர்ஸ் மஜூர் என்னும் பிரெஞ்சுப் பெயரால் அதனை வழங்குவர். பேரிடர் விதி என நாம் கூறலாம். அவ்விதி இருப்பின் வழக்கு அதன் சொற்களைக் கொண்டே தீரும். விலை ஏறிற்று, இலாபம் குறைந்தது என்பது பேரிடராகாது என்று 2017-ஆம் ஆண்டு மின்சார நிலையங்கள் பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

2020-ஆம் ஆண்டு

2020 மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுதும் ஊரடங்கிற்று. நகரெங்கும் மெட்ரோ ரயிலுக்காக நாட்டிய தூண்களும், தாராவியின் அடியே செல்லும் சுரங்கப் பாதையும், செம்பூரில் பாதி எழுந்த மாடிகளும் இருந்தபடியே நின்றன. ஏப்ரல் 1-ஆம் நாள் தாராவியில் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டார். பத்தடி அறையில் எட்டுப் பேர் வாழும் இடத்தில் நோயைத் தடுப்பது இயலாது என்று பலரும் அஞ்சினர். ஆயினும் வீடு வீடாகச் சென்று நோயைத் தேடிப் பிடித்த மாநகராட்சி ஊழியர், மருத்துவர், தாராவி மக்கள் ஆகியோரின் முயற்சியை, அவ்வாண்டு ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவரே எடுத்துக்காட்டிப் பாராட்டினார்.

கட்டடத் தொழிலாளரின் நிலை வேறு. மேஸ்திரி கைவிட்டார், காண்ட்ராக்டர் தொலைபேசியை எடுக்கவில்லை, வேலைத்தளத்துத் தகரக் கொட்டகையில் அரிசி தீர்ந்தது. கொத்தனாரும் சித்தாளும் கம்பி கட்டுவோரும் நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கினர். மே 1-ஆம் நாள் முதல் தொழிலாளர் தனி ரயில்கள் ஓடின. நாடெங்கும் 4,000-க்கு மேற்பட்ட அவ்வகை ரயில்களில் 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பினர். நிலையத்தில் வட்டம் வரைந்து அவர்களை அமர வைத்திருந்த காட்சியைப் பணியின்போது கண்ட நாம், 1897-ல் இந்நகரை விட்டு ஓடியவரை நேரிற் கண்டதுபோல் உணர்ந்தோம்.

அக்கோடையில் எமது மேசைக்கு வந்த காகிதங்கள் வேறொரு கதையைக் கூறின. காண்ட்ராக்டர்களின் கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்தன. எல்லாவற்றிலும் பொருள் ஒன்றே: பேரிடர் விதியின்கீழ்க் காலம் நீட்டித் தருக. அதற்கு அரசாங்கமும் இசைந்தது. சீனாவில் நோய் பரவி வரத்து தடைப்பட்டால் அதனை இயற்கைப் பேரிடராகக் கொள்ளலாம் என்று மத்திய நிதி அமைச்சகம் 2020 பிப்ரவரி 19-லேயே குறிப்பு அனுப்பியிருந்தது. மே 13-ஆம் நாளைய குறிப்பில், பிப்ரவரி 20-க்குப் பின் முடிய வேண்டிய ஒப்பந்தங்களுக்கு மூன்று முதல் ஆறு மாதம் வரை, தண்டமின்றிக் காலம் நீட்டலாம் என்று கூறிற்று. காலம் கிடைத்தது. ஆனால் சும்மா நின்ற எந்திரத்துக்கு வாடகை, காவலாளிக்குச் சம்பளம், வங்கிக் கடனுக்கு வட்டி ஆகியவற்றை யார் தருவது? இவ்விடத்தில்தான் வழக்குகள் பிறந்தன.

நீதிமன்றங்கள் இரக்கம் காட்டின. ஆனால் எல்லோருக்கும் காட்டவில்லை. தென்கொரியாவிலிருந்து எஃகு வரவழைத்த வணிகர்கள், ஊரடங்கைக் காரணம் காட்டி, விற்றவருக்கு வங்கி பணம் தருவதைத் தடுக்க வேண்டினர். ஊரடங்கு சில காலத்துக்கே உரியது, அதனைக் காட்டிப் பணக் கடமையிலிருந்து விடுபட இயலாது என்று 2020 ஏப்ரலில் பம்பாய் உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. ராஜஸ்தானத்து எண்ணெய் வயல் ஒப்பந்தம் ஒன்றில், வேலையை 2019-லேயே தாமதித்திருந்த ஒரு பெரிய கம்பெனி, பின்னர் வந்த நோயைக் காரணமாகக் காட்டியது. நோய்க்கு முன்னரே தவறியவருக்கு நோய் துணை வாராது என்று தில்லி உயர்நீதிமன்றம் மே 29-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில், தில்லியில் கடையை மூடி வைத்திருந்த வாடகைதாரர், வாடகையை நீக்க வேண்டினார். உடன்படிக்கையில் அவ்வாறு விதியின்றேல் வாடகை நீங்காது; கட்டுவதற்குத் தவணை மட்டும் தரலாம் என்று அந்நீதிமன்றம் கூறிற்று. 1647-ஆம் ஆண்டுக் குத்தகையாளரின் குரல் ஈண்டு மீண்டும் கேட்கின்றதன்றோ?

காலம் பெற்றவர் யார், பெறாதவர் யார்?

கட்டுவோருக்கு மகாராஷ்டிர வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம் 2020 மே மாதத்தில் ஆறு மாதமும், இரண்டாம் அலைக்குப் பின் 2021 ஆகஸ்டில் மேலும் ஆறு மாதமும் நீட்டித் தந்தது. வீடு முன்பதிவு செய்தவருக்குத் தாமதத்துக்காகத் தர வேண்டிய வட்டியிலிருந்து அந்நாட்கள் கழிக்கப்பட்டன. முன்பதிவு செய்தவருக்கோ, வங்கிக் கடன் தவணையை ஆகஸ்ட் இறுதி வரை தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இடம் தந்தது. ஆயின் தள்ளிவைத்த நாட்களுக்கும் வட்டி ஓடிற்று. வட்டிக்கு வட்டி மட்டும் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு புறம் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை, மறுபுறம் குடிபுகாத வீட்டுக்குத் தவணை என்று இரட்டைச் சுமை தாங்கிய குடும்பங்கள் நம் காலனியில் பல.

சித்தாளுக்கு என்ன கிடைத்தது? அவர் பெயர் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. கட்டடத் தொழிலாளருக்கென 1996-ஆம் ஆண்டுச் சட்டமும், கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கு வரியினால் சேர்ந்த நலநிதியும் அப்போது இருந்தன. அந்நிதியிலிருந்து தொழிலாளர் கணக்கில் பணம் செலுத்துமாறு மத்திய அரசு 2020 மார்ச்சில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் அது நலவாரியத்திற் பதிவு பெற்றவர்க்கே சென்றது. மேஸ்திரியின் சொல்லை நம்பி ஊர் ஊராய்ச் செல்பவருக்குப் பதிவு ஏது? டிரஸ்ட் இடித்த காலத்தில் வாடகை அறையிலிருந்த கூலியாளுக்கு ஈடு இல்லாததற்கும், 2020-ல் பதிவில்லாத சித்தாளுக்கு நிதி இல்லாததற்கும் வேறுபாடு மிகச் சிறிதே.

செம்பூரில் எமது கட்டடம்

எமது குடும்பத்தில் நடந்த ஒன்றைக் கூறுவதற்கு அன்பர்கள் பொறுத்தருள்க. செம்பூரில் எந்தையார் வாங்கிய வீடு, பதினெட்டுக் குடும்பங்கள் வாழ்ந்த பழைய கட்டடத்தில் இருந்தது. 2018-ல் அதனை இடித்துப் புதிதாய்க் கட்டித் தருவதாக ஒரு பில்டர் ஒப்பந்தம் செய்தார். கட்டி முடியும் வரை மாற்றிட வாடகையை மாதந்தோறும் தருவதாகவும் எழுதித் தந்தார். 2019 நவம்பரோடு வாடகை நின்றது. கேட்டபோதெல்லாம் அடுத்த மாதம் என்றார். 2020 ஏப்ரலில் அவரிடமிருந்து கடிதம் வந்தது: பேரிடர் நேர்ந்தமையால் வாடகை தரும் கடமை நீங்கிற்று என்று.

அக்கடிதம் கண்டு பலர் சோர்ந்தனர். வாடகை வீட்டில் இருந்த எம் அன்னையார், "நோவு வந்தவன் பேச்சைக் கேட்கலாம்டா, நோவைச் சாக்காக்கி வர்றவன் பேச்சைக் கேட்காதே. எழுதிக் கொடுத்ததை எடுத்துப் படி" என்றார். அறுபத்து நான்கு பக்க ஒப்பந்தத்தை, நாம் கையொப்பமிட்ட நாளில் படிக்காததை, அன்றுதான் ஒரு வரி விடாமற் படித்தோம். பேரிடர் விதி நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. கட்டி முடிக்கும் காலம் நீளும் என்றே அதில் எழுதியிருந்தது; வாடகையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேரிடர் நேர்ந்த பதினைந்து நாட்களுக்குள் எழுத்தால் அறிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. அவர் கடிதமோ இருபத்தாறாம் நாள் வந்தது. மேலும், வாடகை நின்றது நோய் வருவதற்கு நான்கு மாதம் முன்னரன்றோ!

பதினெட்டுக் குடும்பத்தாரும் கூடி, இவற்றை வரிசையாய் எழுதி, வாடகை வந்த நாள் வராத நாள் பட்டியலையும் சேர்த்து, வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பினோம். பில்டரின் இன்னலையும் நாம் உணராமலில்லை. ஆட்கள் ஊருக்குப் போய்விட்டனர். கம்பியும் சிமெண்டும் வரவில்லை. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆகவே ஊரடங்கிய காலத்தைக் கட்டுமானக் காலத்திலிருந்து கழிக்க நாம் இசைந்தோம். நோய்க்கு முந்திய நிலுவையை முழுதும், பிந்தியதைத் தவணையாகவும் தர அவர் இசைந்தார். 2023-ல் புதுவீடு புகுந்தோம். இடையில் இரு முதியவர் வாடகை வீட்டிலேயே காலமாயினர். அவர்களுள் ஒருவர் எந்தையார். திறவுகோலைப் பெற்ற நாளில் அன்னையார் அதனை அவர் படத்தின் முன் வைத்துவிட்டே கதவைத் திறந்தார்.

தாராவியின் முன் நிற்கும் காகிதம்

இவற்றை இவ்வாண்டு மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தாராவியைப் புதிதாய்க் கட்டும் திட்டத்தின் வரலாறே ஓர் ஒப்பந்த வழக்காகும். 2018-ல் ஏலம் விடப்பட்டது. 2019-ல் செக்லிங்க் என்னும் நிறுவனம் 7,200 கோடி ரூபாய் கூறி முதலிடம் பெற்றது. ரயில்வேக்குரிய 45 ஏக்கர் நிலத்தைத் திட்டத்தில் சேர்ப்பது பற்றிய வினா எழவே, 2020-ல் அவ்வேலம் நீக்கப்பட்டது. 2022-ல் புதிய நிபந்தனைகளோடு நடந்த ஏலத்தில் அதானி குழுமம் 5,069 கோடி கூறி வென்றது. முன்னவர் உயர்நீதிமன்றம் சென்றார். கோவிட் நோயினாலும் உக்ரைன் போரினாலும் 2019-க்கும 2022-க்கும் இடையே பொருளாதார நிலை மாறிவிட்டது என்பதும் அரசு கூறிய காரணங்களுள் ஒன்று. 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. பின்னர் அது உச்ச நீதிமன்றம் சென்றது.

எவர் கட்டுவது சரி என்று கூறுவது எமது வேலையன்று. பெரியவர்கள் வழக்காடுகையில் இருபுறமும் வழக்கறிஞர் உளர். அவர்கள் ஒப்பந்தத்தில் நோய் என்னும் சொல் எங்கே உளது என்று தேடிப் பார்க்க ஆட்கள் உளர். தாராவியில் ஓர் அறையும் அதன் மேல் ஒரு மாடியும் வைத்திருக்கும் நம் உறவினர் கையில் இருப்பதெல்லாம் ஒரு கணக்கெடுப்புச் சீட்டும், ஒரு மின்கட்டண ரசீதும், பழைய குடும்ப அட்டையுமே. அடுத்த நோய் வருங்கால், கட்டுவோருக்குக் காலம் நீளும், அது நியாயமே. நீளும் காலத்துக்கு மாற்றிட வாடகை யார் தருவர் என்னும் வரி நம்மவர் காகிதத்தில் உளதா என்பதே வினா.

முடிவுரை

நோய் உடன்படிக்கையை அழிப்பதில்லை. பெரும்பாலும் தள்ளியே வைக்கின்றது. தள்ளிவைத்த காலத்தின் செலவு எழுத்தில் எவர் பெயருக்கு உளதோ அவரிடம் செல்கின்றது. எழுத்தில் எவர் பெயருக்கும் இல்லையேல், பேசத் தெரியாதவர் தலையில் வந்து விழுகின்றது. நூற்றிருபத்தைந்து ஆண்டு வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே.

ஆதலின் அன்பர்களுக்கு நாம் கூறுவன ஐந்து. கையொப்பமிடுமுன் பேரிடர் விதியைப் படியுங்கள். காலம் மட்டும் நீளுமா, பணமும் நிற்குமா என்று கேளுங்கள். அறிவிப்பு எத்தனை நாளில் தர வேண்டும் என்பதைக் குறித்து வையுங்கள். வாடகையும் தவணையும் வந்த நாள், வராத நாள் இரண்டையும் நோயில்லாக் காலத்திலேயே கணக்கு எழுதுங்கள். கட்டட வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளை நலவாரியத்திற் பதிவு செய்விக்க முன்னில்லுங்கள்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். விழா நாளில் மேடை அமைக்கும் நாம், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் அமைத்தால் போதும். ஆங்கிலத்திலும் மராத்தியிலும் உள்ள ஒப்பந்தத்தைக் கொண்டுவரும் தாராவித் தாய்மார்க்கு அதனைத் தமிழிற் படித்துச் சொல்ல, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பெரியோர் நம்மிடையே பலர் உளர். மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே ஓடும் ரயில் பாதையின்மேல் அதனினும் நல்ல பாலம் ஒன்று அமைத்தல் அரிது. முதல் நாற்காலியில் அமர நாம் வருகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!